எறிபவர் மீதான ஃபவுல் (கூடைப்பந்தாட்டம்)

கூடைப்பந்தாட்டத்தில் எறிபவர் மீதான ஃபவுல் என்பது, கூடையை நோக்கிப் பந்தை எறிந்து கொண்டிருக்கும் வீரருக்கும் அவரைத் தடுக்க முயலும் எதிரணி வீரருக்கும் இடையே முறையற்ற உடல் தொடுகை ஏற்பட்டு, அதற்குத் தடுப்பவரே பொறுப்பு என நடுவர் முடிவு செய்யும் தவறாட்டம் ஆகும். இருவரும் அல்லது இருவரில் ஒருவர் காற்றில் இருக்கும்போது ஏற்படும் தொடுகையைத் தீர்ப்பது, இவ்விளையாட்டில் நடுவர்களுக்கு உள்ள மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தொடுகை ஏற்பட்டது என்பதனால் மட்டுமே ஃபவுல் ஆகிவிடாது. யார் எந்த இடத்திற்கு உரியவர், அந்த உரிமை எப்போது கிடைத்தது, யார் தம் இடத்தை விட்டு வெளியே வந்தார் என்னும் மூன்று வினாக்களுக்கான விடையைப் பொறுத்தே தீர்ப்பு அமைகிறது. எறிபவரே பொறுப்பு எனில் அது தாக்கும் அணியின் ஃபவுல் ஆகும். இருவரும் பொறுப்பல்லர் எனில் ஆட்டம் நிறுத்தப்படாமல் தொடரும்.

இக்கட்டுரையில் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் (ஃபிபா) விதிகளே அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ.வும் அந்நாட்டுக் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி அமைப்புகளும் தத்தமக்குத் தனி விதிநூல்கள் வைத்திருக்கின்றன. அவை வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சுட்டப்பட்டுள்ளன.

வரலாறு

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இவ்விளையாட்டை உருவாக்கியபோது, உடல் மோதலைக் குறைப்பதே அவரது நோக்கங்களுள் முதன்மையானதாக இருந்தது. கூடையைத் தலைக்கு மேல் உயரத்தில் வைத்ததற்கும், பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்ததற்கும் அதுவே காரணம். அவரது 13 விதிகளுள் ஐந்தாவது, எதிராளியைத் தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலிடறச் செய்தல், அடித்தல் ஆகியவற்றைத் தடை செய்தது. அக்காலத்தில் ஃபவுலுக்கு எறிதல் வாய்ப்பு இல்லை. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல்கள் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் கொடுக்கப்பட்டது. ஃப்ரீ த்ரோ எனப்படும் தடையற்ற எறிதல் 1894 ஆம் ஆண்டில் வந்தது.

முதல் சில பத்தாண்டுகளில் வீரர்கள் பெரும்பாலும் இரு கால்களையும் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் பந்தை எறிந்தனர். ஆகவே காற்றில் மோதல் என்பது அரிதான சிக்கலாகவே இருந்தது. 1930களிலும் 1940களிலும் குதித்து எறியும் முறை பரவியதும் நிலைமை மாறியது. இம்முறையை வளர்த்தவர்களுள் ஒருவராகக் கென்னி செய்லர்ஸ் குறிப்பிடப்படுகிறார். அவர் ஆடிய வயோமிங் பல்கலைக்கழக அணி 1943 இல் அமெரிக்கக் கல்லூரி வாகையர் பட்டம் வென்றது. எறிபவர் குதித்ததால் தடுப்பவரும் குதிக்க வேண்டியதாயிற்று. தரையில் கால் ஊன்றிய இருவருக்காக எழுதப்பட்ட விதிகள், தரையில் இல்லாத இருவருக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட வேண்டியிருந்தது.

உருளை நெறி

விதிநூல் ஒவ்வொரு வீரரையும் ஒரு கற்பனை உருளைக்குள் நிற்பவராகக் காண்கிறது. இவ்வுருளையின் முன் எல்லை உள்ளங்கைகள். பின் எல்லை பிட்டம். பக்க எல்லைகள் கை கால்களின் வெளிப்புற விளிம்புகள். கைகளை முன்னே நீட்டலாம், ஆனால் பாதங்களும் முழங்கால்களும் உள்ள இடத்தைத் தாண்டக் கூடாது. முழங்கைகள் மடங்கி முன்கைகள் உயர்ந்திருக்க வேண்டும். கால்களுக்கு இடையிலான அகலம் வீரரின் உயரத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கால்களை அளவுக்கு மீறி அகட்டி நின்று, "இவ்வளவும் என் இடம்" என்று உரிமை கொண்டாட இயலாது.

உருளைக்கு மேல் மூடி இல்லை என்பதே இங்கு முக்கியமானது. தரையில் ஒருவர் பிடித்துள்ள இடம், அதற்கு நேர் மேலே உள்ள வெளியையும் சேர்த்தே அவருடையது. எனவே அவர் நேராக மேல்நோக்கிக் குதித்தாலும், கைகளை நேராக உயர்த்தினாலும் அவர் தம் இடத்திலேயே இருக்கிறார். இதுவே செங்குத்து நெறி எனப்படுகிறது. இந்நெறியின்படி, எந்த வீரர் தம் உருளையை விட்டு வெளியேறி மற்றவரின் உருளைக்குள் நுழைகிறாரோ அவரே தொடுகைக்குப் பொறுப்பு. முன்னோக்கிப் பாயும் எறிபவர், நேராக எம்பி நிற்கும் தடுப்பவரின் மார்பில் மோதிக் கீழே விழுந்தால், விழுந்தவர் எறிபவர் என்பதற்காகத் தடுப்பவர் மீது ஃபவுல் கூறலாகாது. பார்வையாளர்கள் மிகுதியாகக் கூச்சலிடுவது இத்தகைய தீர்ப்புகளின்போதுதான்.

இதற்கு மறுதலையும் உண்டு. தடுப்பவர் நேராகக் குதித்துவிட்டு, உச்சியில் இருக்கும்போது கைகளை முன்னோக்கிச் சாய்த்தால் உருளை உடைகிறது. உடல் செங்குத்தாகவும் முன்கைகள் மட்டும் எறிபவரின் பக்கம் வளைந்தும் இருப்பது மிகப் பொதுவாக நிகழும் தவறு. இடுப்பை முன்தள்ளுதல், காற்றில் உடலைத் திருப்பித் தோளைக் காட்டுதல் ஆகியவையும் அவ்வாறே. எனவே நடுவர்கள் பார்க்க வேண்டியது தடுப்பவரின் கைவிரல்களை மட்டுமன்று, குதிக்கும் முன்பும் பின்பும் அவருடைய உடல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும்தான்.

என்.பி.ஏ.வில் இந்நெறி பொதுமக்களிடையே பெயர் பெற்றது ராய் ஹிபர்ட் என்னும் 2.18 மீட்டர் உயர வீரரால் எனலாம். இண்டியானா பேசர்ஸ் அணியின் நடுக்கள வீரரான இவர், 2012-13, 2013-14 பருவங்களில் கூடையடியில் இரு கைகளையும் நேராக உயர்த்திச் செங்குத்தாக எம்புவதையே தம் தடுப்பு முறையாக வைத்திருந்தார். பந்தைத் தட்டிவிட வேண்டும் என்பதில்லை. எறிபவர் தம் உடலைச் சுற்றி எறியுமாறு செய்தால் போதும். 2013 மே 22 அன்று மயாமி ஹீட் அணிக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி 2.2 நொடிகளுக்கு அவரைப் பயிற்றுநர் வெளியே அமர்த்தியிருந்தார். லெப்ரான் ஜேம்ஸ் தடையின்றிக் கூடை வரை சென்று லே-அப் எறிய, மயாமி 103–102 என வென்றது. செங்குத்தாக நிற்கும் ஒருவர் கூடையடியில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் அரிது.

காற்றில் இருப்பவரின் உரிமைகள்

தரையை விட்டு எழும்பிய வீரருக்கு, எழும்பிய அதே இடத்தில் மீண்டும் இறங்கும் உரிமை எப்போதும் உண்டு. வேறோர் இடத்தில் இறங்கவும் உரிமை உண்டு. ஆனால் அவர் எழும்பிய நேரத்தில் அவ்விடமும், அதற்குச் செல்லும் நேர்வழியும் எதிரணி வீரரால் ஏற்கனவே பிடிக்கப்படாமல் இருந்திருக்க வேண்டும். ஒருவர் எழும்பிய பின் அவருடைய வழியில் எதிராளி நுழையக் கூடாது. இறங்கிய பின்னும் வேகம் அடங்காமல் முன்னே சென்று, அங்கு முறையாக நிற்கும் எதிராளியை மோதினால், மோதியவரே பொறுப்பு.

விதி ஏன் "எழும்பிய நேரம்" என்பதை எல்லைக்கோடாகக் கொள்கிறது என்பதை இயற்பியல் எளிதில் விளக்குகிறது. தரையைவிட்டு நீங்கிய உடலின் பொருண்மை மையம் எறியப்பட்ட கல்லைப் போலப் பரவளையப் பாதையிலேயே செல்லும். கைகால்களை அசைத்து உடலின் தோற்றத்தை மாற்றலாம். மையத்தின் பாதையை மாற்ற முடியாது. 60 சென்டிமீட்டர் உயரம் எம்பும் வீரர் ஏறத்தாழ 0.70 நொடி காற்றில் இருப்பார். 90 சென்டிமீட்டர் எம்பினால் 0.86 நொடி. இந்த இடைவெளியில் அவரால் நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. தம் பாதையை மாற்ற இயலாதவர் மீது பொறுப்பைச் சுமத்துவதைவிட, இன்னும் தரையில் இருப்பதால் மாற்ற இயலுபவர் மீது சுமத்துவதே முறை என்பது விதியின் உட்பொருள்.

இதே கணக்கு தடுப்பவருக்கும் பொருந்தும். மூன்று புள்ளி எறிதலைத் தடுக்க நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து, 30 சென்டிமீட்டர் மட்டுமே எம்பினாலும் அவர் ஏறத்தாழ அரை நொடி காற்றில் இருப்பார். அதற்குள் 2 மீட்டர் முன்னே சென்றுவிடுவார். எறிபவர் 2 மீட்டருக்குள் இருந்தால் மோதல் உறுதி. தடுப்பவர் எழும்பிய கணத்திலேயே ஃபவுல் தீர்மானமாகிவிட்டது எனலாம். இதனால்தான் பயிற்றுநர்கள், கடைசி சில அடிகளைக் குறுகிய காலடிகளாக வைத்து வேகத்தைக் குறைக்கவும், குதித்தே ஆக வேண்டுமெனில் எறிபவரின் நேரே குதிக்காமல் அவருக்குப் பக்கவாட்டில் கடந்து செல்லவும் கற்பிக்கின்றனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. செங்குத்தாகக் குதிக்கும் எவரும் தாம் காற்றில் இருக்கும் நேரத்தில் பாதியை உயரத்தின் மேல் கால்பகுதியிலேயே கழிக்கிறார். வீரர்கள் உச்சியில் "தொங்குவது" போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இருவரும் வெவ்வேறு நேரத்தில் எழும்பும்போது ஒருவர் நின்றுகொண்டிருப்பது போலவும் மற்றவர் அவர் மீது வந்து மோதுவது போலவும் கண்ணுக்குத் தோன்றக்கூடும். உண்மையில் இருவரும் நகர்ந்து கொண்டே இருக்கின்றனர்.

ஏற்கனவே பிடிக்கப்பட்ட இடம் என்னும் கருத்துக்கு ஒரு விந்தையான எடுத்துக்காட்டு 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கிடைத்தது. செப்டம்பர் 25 அன்று பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அமெரிக்காவின் வின்ஸ் கார்ட்டர், 2.18 மீட்டர் உயரமுள்ள பிரடெரிக் வெயிஸ் நின்றுகொண்டிருக்க, அவருக்கு மேலாகவே தாவிச் சென்று பந்தைக் கூடைக்குள் அழுத்தினார். கோல் செல்லுபடியானது. வெயிஸ் அவ்விடத்தை முறைப்படி பிடித்து நின்றவராகக் கொண்டால், பெருந்தொடுகை ஏதும் நிகழ்ந்திருந்தால் பொறுப்பு தாவியவருடையதாகவே இருந்திருக்கும்.

முறையான காப்பு நிலை

தரையில் நிற்கும் தடுப்பவர் தம் இடத்திற்கு உரிமை பெற, எதிராளியை நோக்கி முகம் காட்டி, இரு பாதங்களையும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இந்நிலையை ஒருமுறை பெற்றபின் அவர் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். நேராக மேலே குதிக்கலாம். "தடுப்பவர் அசையாமல் நிற்க வேண்டும்" என்பது ஆடுகளங்களில் பரவலாகக் கேட்கப்படும் தவறான கருத்து. பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும்போது நேரமும் இடைவெளியும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. பந்து வைத்திருப்பவர் எந்த நேரமும் தம் முன் ஒருவர் வந்து நிற்கக் கூடும் என எதிர்பார்க்க வேண்டும்.

எப்போதைக்குள் வந்து நிற்க வேண்டும் என்பதில்தான் விதிநூல்கள் பிரிகின்றன. ஃபிபா விதியில், எறிபவர் தரையை விட்டு எழும்பும் முன் தடுப்பவர் நிலைகொண்டிருக்க வேண்டும். என்.பி.ஏ.வில் எறிபவர் மேல்நோக்கிய எறிதல் அசைவைத் தொடங்கும் முன்பே நிலைகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 2023-24 பருவம் முதல், எறிபவர் எழும்புவதற்காகக் காலை ஊன்றும் நேரத்திற்குள் தடுப்பவர் அங்கு இருக்க வேண்டும் என மாற்றப்பட்டது. கடைசிக் கணத்தில் காற்றில் இருப்பவரின் கீழ் நழுவி நுழைந்து "சார்ஜிங்" பெறும் பழக்கம் பெருகியதே இம்மாற்றத்திற்குக் காரணம். அப்பழக்கம் தீர்ப்பைக் கடினமாக்கியதோடு வீரர்களின் முழங்கால்களுக்கும் முதுகுக்கும் ஆபத்தாகவும் இருந்தது.

கூடையடி அரைவட்டம்

கூடைக்கு நேர் கீழே தடுப்பவர் நின்றுகொண்டு மோதலை வரவழைப்பதைக் குறைக்க, என்.பி.ஏ. 1997-98 பருவத்தில் 4 அடி ஆரமுள்ள அரைவட்டத்தை வரைந்தது. ஃபிபா 2010 இல் 1.25 மீட்டர் ஆரத்துடன் இதனை ஏற்றது. ஃபிபா விதிப்படி, பந்துடன் காற்றில் இருக்கும் வீரர் எறியவோ பந்தைக் கடத்தவோ முயலும்போது, ஒரு பாதமேனும் இவ்வரைவட்டப் பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தடுப்பவரை மோதினால் அது தாக்கும் அணியின் ஃபவுல் ஆகாது. கை, முழங்கை, கால் ஆகியவற்றை முறைகேடாகப் பயன்படுத்தினால் மட்டும் விலக்கு இல்லை.

இங்கு ஒரு குழப்பம் நிலவுகிறது. அரைவட்டத்துக்குள் இருக்கும் தடுப்பவர் எதைச் செய்தாலும் ஃபவுல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அரைவட்டம் சார்ஜிங் தீர்ப்பை மட்டுமே விலக்குகிறது. செங்குத்து நெறியை விலக்குவதில்லை. உள்ளே நின்று நேராக எம்பும் தடுப்பவர் மீது ஃபவுல் இல்லை. மோதியவர் மீதும் இல்லை. ஆட்டம் தொடரும்.

எறிதல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது

தொடுகை ஃபவுல்தான் என்று முடிவான பின் அடுத்த வினா, அது எறிதலின்போது நிகழ்ந்ததா என்பது. நின்ற இடத்திலிருந்து எறியும்போது, பந்தைக் கூடையை நோக்கி மேலே கொண்டு செல்லத் தொடங்கும்போது எறிதல் தொடங்குகிறது. ஓடிவந்து எறியும்போது, தட்டி ஓட்டுதல் முடிந்து பந்து கையில் நிலைத்ததும், எறிதலுக்கான தொடர் அசைவுடன் அது தொடங்குகிறது. பந்து கையை விட்டதும் எறிதல் முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுவர். எறிபவர் காற்றில் இருந்தால் அவருடைய இரு பாதங்களும் தரைக்குத் திரும்பும் வரை அது முடிவதில்லை. பந்து கூடைக்குள் விழுந்து வலையைத் தாண்டிய பின்னும்கூட, இன்னும் காற்றில் உள்ள எறிபவரை இடித்தால் அது எறிதல் ஃபவுலே.

பந்து கூடையில் விழுந்தால் அப்புள்ளிகளுடன் ஒரு ஃப்ரீ த்ரோ. விழாவிடில் எறியப்பட்ட இடத்திற்கேற்ப 2 அல்லது 3 ஃப்ரீ த்ரோக்கள். மூன்று புள்ளிக் கோடு ஃபிபாவில் 6.75 மீட்டர் தொலைவிலும், என்.பி.ஏ.வில் நடுப்பகுதியில் 7.24 மீட்டர் தொலைவிலும் உள்ளது. தடுப்பவரின் கணக்கில் ஒரு தனியாள் ஃபவுல் சேரும். ஃபிபாவில் 5, என்.பி.ஏ.வில் 6 ஆனதும் அவர் வெளியேற வேண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் முடிவு இத்தகைய ஃபவுலில்தான் வந்து நின்றது. சோவியத் ஒன்றியம் 49–48 என முன்னிலையில் இருக்க, பந்தைப் பறித்துக்கொண்டு கூடையை நோக்கி விரைந்த அமெரிக்காவின் டக் காலின்ஸை சுராப் சாக்கண்டெலிட்சே இடித்தார். காலின்ஸ் கூடையின் தாங்குதூண் பக்கம் சென்று விழுந்தார். 3 நொடிகள் எஞ்சியிருந்தன. எழுந்து வந்து இரு ஃப்ரீ த்ரோக்களையும் அவர் கூடைக்குள் போட, அமெரிக்கா 50–49 என முன்னேறியது. அதன்பின் அந்த 3 நொடிகள் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு, சோவியத் ஒன்றியம் 51–50 என வென்றது தனிக் கதை.

பந்தா, கையா

தடுப்பவர் பந்தைத் தட்டும்போது எறிபவரின் கையையும் தட்டுவது இயல்பு. என்.பி.ஏ. விதியில், பந்தின் மீது இருக்கும்போது கை பந்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. அவ்வாறு பந்தின் மீதுள்ள கையைத் தொடுதல் ஃபவுல் அன்று. மணிக்கட்டு, முன்கை, முழங்கை ஆகியவற்றுக்கு இச்சலுகை இல்லை. எறிந்து முடிந்த பின் நீண்டிருக்கும் கையை அடித்தலும் அவ்வாறே. பந்தை முதலில் தொட்டுவிட்டேன் என்பது எல்லாவற்றையும் மன்னிக்கும் வாதமும் அன்று. பந்தைத் தட்டிய அதே வீச்சில் உடலால் எறிபவரை வீழ்த்தினால் அது ஃபவுலாகவே தீர்க்கப்படும்.

தூய தடுப்புக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுவது 2016 ஜூன் 19 அன்று நடந்த என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். 89–89 என ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருக்க, ஆந்த்ரே இகுவடாலா லே-அப் எறிந்தார். முன்னால் இருந்த ஜே. ஆர். ஸ்மித்தைத் தவிர்க்க அவர் காற்றிலேயே பந்தைச் சற்றுத் தாழ்த்தி மீண்டும் உயர்த்த நேர்ந்தது. அந்தத் தாமதத்திற்குள் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து, பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். பின்னாலிருந்து வருபவருக்கு முறையான காப்பு நிலை என்பதே கிடையாது. உடல் தொடுகை சிறிது இருந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. பக்கவாட்டுக் கோணத்தில் வந்ததால் உடல் படாமல் பந்தை மட்டும் அடைந்தார். கிளீவ்லண்ட் 93–89 என வென்றது.

இறங்கும் இடம்

எறிபவர் மீதான தொடுகைகளுள் மிகவும் ஆபத்தானது கையில் நிகழ்வதன்று, காலடியில் நிகழ்வது. குதித்து எறிபவர் கண்களைக் கூடையில் பதித்தவாறு கீழே வருகிறார். தடுப்பவரின் பாதம் அவர் இறங்கும் இடத்தில் இருந்தால் அதன் மீது மிதித்துக் கணுக்கால் பிறழும். கையில் அடி விழுந்தால் இழப்பது ஓர் எறிதல். இங்கு இழப்பது ஒரு பருவமாகவும் இருக்கலாம். ஃபிபா விதிநூல், காற்றில் உள்ளவரின் கீழ் நகர்ந்து தொடுகை உண்டாக்குவதைச் சாதாரண ஃபவுலாகக் கொள்ளாமல், பொதுவாக விளையாட்டுப் பண்பற்ற ஃபவுலாகவும் சில வேளைகளில் வெளியேற்றத்திற்குரிய ஃபவுலாகவும் கருதி வந்துள்ளது.

2000 ஆம் ஆண்டு என்.பி.ஏ. இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் கோபி பிரையன்ட் இவ்வாறு இறங்கிக் கணுக்கால் சுளுக்குற்றார். மூன்றாம் ஆட்டத்தில் அவரால் ஆட இயலவில்லை. எதிரே இருந்த ஜேலன் ரோஸ், அது தற்செயலானதன்று எனப் பல ஆண்டுகளுக்குப் பின் தாமே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்.

விதியின் நடைமுறையை மாற்றியது 2017 மே 14 அன்று நடந்த ஆட்டமாகும். மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அணியின் காவை லெனர்டு எறிந்துவிட்டு இறங்கும்போது, கோல்டன் ஸ்டேட் அணியின் சாசா பச்சூலியாவின் பாதத்தின் மீது மிதித்தார். சாதாரண ஃபவுலே கூறப்பட்டது. லெனர்டு ஃப்ரீ த்ரோக்களை எறிந்துவிட்டு வெளியேறினார். அத்தொடரில் மீண்டும் ஆடவே இல்லை. அவர் வெளியேறியபோது 23 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அவரது அணி 113–111 எனத் தோற்றது. தொடரின் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. பச்சூலியா வேண்டுமென்றே செய்தாரா என்பது குறித்து நெடுங்காலம் விவாதம் நடந்தது. விதியின் நோக்கில் அவ்விவாதம் தேவையற்றது. எண்ணம் எதுவாயினும் இறங்கும் இடத்தை விட்டுவைக்க வேண்டியது தடுப்பவரின் கடமை. அடுத்த பருவத்திற்கு முன், இத்தகைய நிகழ்வுகளை நடுவர்கள் ஒளிப்பதிவில் மீண்டும் பார்த்து, தேவையெனில் "ஃபிளேக்ரன்ட்" எனப்படும் கடுமையான ஃபவுலாக உயர்த்தலாம் என என்.பி.ஏ. வகை செய்தது. அதற்குத் தண்டனை ஃப்ரீ த்ரோக்களுடன் பந்தும் எதிரணிக்கே.

எறிபவரே உண்டாக்கும் தொடுகை

விதி எறிபவரைப் பாதுகாப்பதைக் கண்ட வீரர்கள் அப்பாதுகாப்பையே கருவியாக்கவும் கற்றுக்கொண்டனர். எறியும்போது ஒரு காலை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டி, கடந்து செல்லும் தடுப்பவர் மீது படச் செய்வது இவற்றுள் பழமையானது. 2005 இல் ஓய்வுபெற்ற ரெஜி மில்லரின் பெயரோடு இது இணைத்துப் பேசப்படுகிறது. 2012-13 முதல் என்.பி.ஏ. நடுவர்கள் இதனைத் தாக்கும் அணியின் ஃபவுலாகத் தீர்க்க வலியுறுத்தப்பட்டனர். ஃபிபா விதியும், எறியும்போதோ எறிந்தவுடனோ கை கால்களை விரித்துத் தொடுகை உண்டாக்குவதை வெளிப்படையாகத் தடுக்கிறது.

பின்னர் வந்த உத்திகள் இன்னும் நுட்பமானவை. தடுப்பவர் காற்றில் எழும்பும் வரை பொய்யசைவு காட்டிக் காத்திருந்து, அவர் இறங்கும் பாதைக்குள் பக்கவாட்டில் சாய்ந்து எறிதல் அவற்றுள் ஒன்று. இங்கு இரண்டு நெறிகள் மோதுகின்றன. தடுப்பவர் முன்னோக்கிக் குதித்துத் தம் உருளையை விட்டு வந்துவிட்டார் என்பது உண்மை. எறிபவரும் இயல்பான எறிதலுக்குத் தேவையில்லாத கோணத்தில் அவர் மீது பாய்கிறார் என்பதும் உண்மை. நீண்ட காலம் நடுவர்கள் முதலாவதையே கணக்கில் கொண்டனர். 2021-22 பருவம் முதல் என்.பி.ஏ. இரண்டாவதற்கும் மதிப்பளித்தது. எறிபவர் இயல்பற்ற கோணத்தில் தடுப்பவர் மீது சாய்தல், திடீரெனப் பாதையை மாற்றுதல், காலை உதைத்தல், எறியாத கையால் தடுப்பவரை வளைத்துப் பிடித்தல் ஆகியவற்றுக்கு ஃபவுல் தரப்படுவதில்லை. தொடுகை சிறிதாயின் ஆட்டம் தொடரும். பெரிதாயின் எறிபவர் மீதே ஃபவுல். ஆயினும், தடுப்பவர் எறிபவரின் நேர்மேலே குதித்து வந்து, எறிபவர் நேராகவே எழும்பினால் பழையபடி தடுப்பவரே பொறுப்பு. இந்த எல்லைக்கோடு இன்றும் சர்ச்சைக்குரியதாகவே உள்ளது.

தாக்கும் வீரர் பந்தை எறிந்த பின், காற்றில் இருந்தவாறே முறையாக நிற்கும் தடுப்பவரை இடித்தால் கோல் செல்லுமா என்பதிலும் விதிநூல்கள் வேறுபடுகின்றன. ஃபிபாவில் பந்து கையை விட்ட பின் மோதல் நிகழ்ந்திருந்தால், ஃபவுல் எறிபவர் மீது எழுதப்படும், கோலும் செல்லும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் கோல் செல்லாது.

நடுவர்களின் பார்வை

மனிதக் கண் ஒரு நிகழ்வைக் கண்டு எதிர்வினையாற்றக் குறைந்தது 0.2 நொடி அளவில் ஆகிறது. முழுக் குதிப்பும் 0.7 நொடியில் முடிந்துவிடுகிறது. ஆகவே மோதலைக் கண்டபின் காரணத்தைத் தேடுவது பயன் தராது. நடுவர் பயிற்சியில் "தடுப்பவரைப் பார்" என்பது முதற்பாடமாகக் கற்பிக்கப்படுவது இதனால்தான். பந்தையும் எறிபவரையும் எல்லாருடைய கண்களும் இயல்பாகவே பின்தொடரும். தடுப்பவர் எப்போது நிலைகொண்டார், நேராக எழும்பினாரா என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் மோதலின்போது புதிதாக அறிய வேண்டியது குறைவு.

அடுத்தது கோணம். எறிபவருக்கும் தடுப்பவருக்கும் இடையிலான வெளி தெரியும் இடத்தில் நடுவர் நிற்க வேண்டும். ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கை பட்டதா, பந்து பட்டதா என்பது தெரியாது. மூன்று நடுவர்கள் முறையை என்.பி.ஏ. 1988-89 முதல் நிலையாகக் கடைப்பிடிப்பதற்கும், ஃபிபாவின் பெரிய போட்டிகளில் அதுவே வழக்கமாகியதற்கும் இதுவே முதற்காரணம். வெளியிலிருந்து எறியும்போது அப்பகுதிக்குப் பொறுப்பான நடுவர், பந்து எங்கு செல்கிறது எனப் பார்க்காமல் எறிபவர் தரையில் இறங்கும் வரை அவரையே பார்க்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது. பழக்கத்தில் மிகக் கடினம்.

தொடுகை நிகழ்ந்தும் எறிபவரின் சீர், வேகம், சமநிலை, விரைவு ஆகியவற்றுள் எதுவும் பாதிக்கப்படவில்லை எனில் அதனைத் தற்செயலான தொடுகையாக விட்டுவிடலாம். சிறு உரசலுக்கெல்லாம் ஊதல் ஒலித்தால் ஆட்டமே நடவாது. மறுபுறம், எல்லாவற்றையும் விட்டுவிட்டால் தடுப்பவர்கள் துணிந்துவிடுவர். முதல் பாதியில் விட்ட தொடுகையைக் கடைசி நிமிடத்தில் ஃபவுல் என்பதே வீரர்களை மிகவும் சினமூட்டுகிறது. தொடுகையை மிகைப்படுத்தி விழுவதும் தண்டனைக்குரியது. என்.பி.ஏ. 2023-24 முதல் ஆட்டத்தின்போதே இதற்கு எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ வழங்குகிறது.

ஒளிப்பதிவு மீளாய்வு

காற்றுமோதல் தீர்ப்புகள் மீளாய்வுக்கு எளிதில் உட்படாதவை. 2018 மே 31 அன்று என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், 36.4 நொடிகள் எஞ்சியிருக்க, கூடையை நோக்கிச் சென்ற கெவின் டுராண்ட், குறுக்கே வந்த லெப்ரான் ஜேம்ஸை மோதினார். முதலில் டுராண்ட் மீது சார்ஜிங் கூறப்பட்டது. ஜேம்ஸின் பாதம் அரைவட்டத்துக்குள் இருந்ததா என்ற ஐயத்தால் மட்டுமே மீளாய்வு தொடங்கியது. பாதம் வெளியே இருந்தது தெளிவானது. ஆனால் மீளாய்வு தொடங்கிவிட்டதால் காப்பு நிலையையும் பார்க்க விதி இடமளித்தது. ஜேம்ஸ் உரிய நேரத்தில் நிலைகொள்ளவில்லை எனத் தீர்ப்பு மாற்றப்பட்டது. டுராண்ட் இரு ஃப்ரீ த்ரோக்களையும் போட, ஆட்டம் 104–104 எனச் சமமானது. கூடுதல் நேரத்தில் கோல்டன் ஸ்டேட் 124–114 என வென்றது.

2019-20 பருவத்தில் என்.பி.ஏ. பயிற்றுநர் முறையீட்டைச் சோதனையாக அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டு நிலையாக்கியது. இதன்படி தம் அணி மீது கூறப்பட்ட ஃபவுலை எதிர்த்துப் பயிற்றுநர் மீளாய்வு கோரலாம். முதல் முறையீடு வென்றால் இரண்டாவது வாய்ப்பும் உண்டு என்பது 2023-24 இல் சேர்க்கப்பட்டது. இவற்றைத் தவிர, நெருக்கமான ஆட்டங்களின் இறுதி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை, கூறப்படாத ஃபவுல்கள் உட்பட, ஆராய்ந்து சரி, தவறு எனக் குறிக்கும் அறிக்கையை 2015 மார்ச் முதல் அச்சங்கம் வெளியிட்டு வருகிறது. அறிக்கை எதைக் கூறினாலும் ஆட்டத்தின் முடிவு மாறுவதில்லை.